அஞ்சாலையின் விரதம்

சேலையூர்
18.7.2004

அன்புத் தம்பி முகிலனுக்கு,

அண்ணன் ஏகநாதன் எழுதுவது. நானும் உன் அண்ணி கீதாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். மழை வந்தால் முனகுகிறாள், வெயில் வந்தால் எங்களைத் திட்டுகிறாள். திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள். ஷார்ஜா வெயிலில் உனக்குத் தோல் உரிகிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் கார்டு தீர்ந்துவிடும் என்ற பயத்திலேயே நேரம் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் போய்க்கொண்டிருந்த சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனி இனித் திறக்காது. கேட்டில் போட்ட பூட்டே துருப்பிடித்துவிட்டது. கேம்ப் ரோட்டில் பக்தவச்சலம் கட்டியிருக்கிற கல்யாண மண்டபத்தில் சேர்ந்திருக்கிறேன். படப்பை ரோட்டில் அவர்கள் வயலில்தானே அப்பா வரப்பு வெட்டினார்? இப்போது அங்கே கம்பெனி வந்துவிட்டது. அந்த நிலத்தை விற்ற பணம்தான் இந்த மண்டபம்.

வாசலில் நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர், கடல் மீன். தாம்பரம் பக்கம் வேறு எந்த மண்டபத்திலும் இல்லை என்று ஓனருக்குப் பெருமை. நீ அங்கே ஓட்டல் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாய் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "தம்பிக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரிஞ்சிருக்கும் இல்லடா நாதா?" என்றார். தெரியும் என்று சொன்னேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வசதி இல்லை.

கோமாளி மீன், பட்டாம்பூச்சி மீன், நீலத்தில் குட்டி குட்டியாக ஒரு கூட்டம், கல் இடுக்கில் நாலு இறால். எல்லாம் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் மொபெட்டில் கேன் கட்டிக்கொண்டு கோவளம் பக்கம் ஒரு குப்பத்துக்குப் போய்க் கடல் தண்ணீர் எடுத்து வருகிறேன். என் வேலைக்குப் பெயர் கிடையாது. எல்லாரும் தொட்டிக்காரன் என்கிறார்கள். தொட்டியை ஒரு வருஷம் நல்லபடியாக வைத்திருந்தால் என்னை சூப்பர்வைசர் ஆக்குவதாக ஓனர் சொல்லியிருக்கிறார். அது நடந்துவிட்டால் நீ அங்கே கிடந்து வேக வேண்டாம். அதனால் உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுது. நான் ஏற்கெனவே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ஏகநாதன்


ஷார்ஜா
10.8.2004

அண்ணனுக்கு,

முகிலன் எழுதுகிறேன். நான் சுகம். அம்மா திட்டுவதை நிறுத்தினால் மட்டும் எனக்குத் தகவல் சொல். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

நன்றாகச் சிரித்தேன். இங்கே நான் கண்ணாடி துடைக்கிறவன். சேலையூரில் மீன் டாக்டர் ஆகிவிட்டேன். இருந்தாலும் கூட இருக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்கிறேன். தீனி குறைவாகப் போடு. மிச்சம் விழுந்தால் தண்ணீர் கெடும். எந்த மீன் செத்தாலும் உடனே வெளியே எடு. செத்த மீன் ஒன்று இருந்தால் போதும், தண்ணீரே விஷமாகிவிடும்.

இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். ஓட்டல் தொட்டியில் ஏணி மேல் நின்று கையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறேன் பார். என் விரலில் இருக்கிற கணவாய்த் துண்டை வாங்க வருகிறதே, அதற்கு நம் கடற்கரையில் அஞ்சாலை என்று பெயர். விலாங்கு மாதிரி, ஆனால் பல் உண்டு. மற்ற மீன்களோடுதான் இருக்கிறது. ஒன்றையும் தொடுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வயிறு நிறையப் போட்டுவிடுகிறோம், அவ்வளவுதான் ரகசியம். மேனேஜரே பயந்து தூர நிற்கிறார். என் கையில் மட்டும் வாங்கித் தின்னும். அம்மாவிடம் காட்டு, ஆனால் அது கடிக்கும் என்று சொல்லாதே.

அன்புடன்
முகிலன்


சேலையூர்
5.9.2004

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. அம்மா போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, "புள்ள எளைச்சிட்டான், பாம்பு நல்லா கொழுத்துகீது" என்றாள். அண்ணி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் எல்லாரும் நலம்.

ஒரு விஷயம். ஓனருக்கு அஞ்சாலை மேல் ஆசை வந்துவிட்டது. ஏதோ போட்டோவில் பார்த்தாராம். "வண்ண மீனு எல்லா வூட்லயும் கீதுடா. இந்த மாதிரி ஒண்ணு விட்டா ஜனம் நம்ம மண்டபத்தைப் பேசும்" என்கிறார். மற்ற மீன்களைத் தின்றுவிடுமே சார் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "தீனி போட்டா ஏன்டா திங்கப் போவுது? மனுசனே சோறு போட்டா சும்மா இருக்கான்" என்றார்.

நான் தண்ணீர் எடுக்கிற குப்பத்தில் சவுரிமுத்து என்று ஒருவர், நல்ல மனுஷன். பாறை இடுக்கில் அஞ்சாலை கிடைக்கும், வலையில் வந்தால் எடுத்துவைக்கிறேன் என்றிருக்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு,
அண்ணன்


ஷார்ஜா
28.9.2004

அண்ணா,

நான் சுகம். அங்கே எல்லாரும் சுகம்தானே?

வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இங்கே தொட்டி ஒரு வீட்டு அளவு. தீனி போட மூன்று ஷிப்ட் ஆள். உன் தொட்டியில் பசி எடுத்தால் அது எங்கே போகும்? எதிரில் இருப்பதைத்தான் தின்னும். குட்டி நீல மீன்கள்தான் முதலில் போகும்.

பக்தவச்சலத்திடம் முடியாது என்று சொன்னால் என்ன? அப்பாவும் அந்த ஆட்களிடம் முடியாது என்று சொன்னதில்லை. வரப்பு வெட்டி வெட்டி முதுகு வளைந்ததுதான் மிச்சம். நீயும் அப்படியே இரு.

சொல்லியும் கேட்கவில்லை என்றால் ஒன்று மட்டும் மறக்காதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கணவாயோ இறாலோ, தவறாமல்.

அவர் பார்த்தது நான் அனுப்பிய போட்டோவா? நீதான் காட்டினாயா?

முகிலன்


சேலையூர்
24.10.2004

அன்புள்ள முகிலனுக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். மழை ஆரம்பித்துவிட்டது. அம்மா முனகுகிறாள். உனக்கு அங்கே கொஞ்சம் குளிர் வந்திருக்கும், நல்லது.

உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரமே அஞ்சாலை வந்துவிட்டது. சவுரிமுத்து பெயிண்ட் வாளியில் போட்டுக் கொடுத்தார். மொபெட்டில் மேடவாக்கம் வருவதற்குள் மூடியை இரண்டு தரம் முட்டித் திறந்தது. ஒரு கை நீளம். மஞ்சளில் பழுப்புப் புள்ளி, பார்க்க அழகுதான். தொட்டியில் விட்டதும் கல் இடுக்கில் போய்த் தலையை மட்டும் நீட்டிக்கொண்டது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. வாட்ச்மேன் எட்மண்ட், "நம்ம ஓனர் மாதிரியே கீது அண்ணா, சும்மா வாயத் தொறந்துகினே" என்றான். பின்னால் ஓனர் நின்றிருந்தார். நல்லவேளை, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நீ சொன்னபடி கணவாய் போடுகிறேன். குச்சியில் குத்தி நீட்டினால் வந்து வாங்குகிறது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு இதைப் பார்க்கிறார்கள். ஓனர் என் தோளில் கை போட்டு விருந்தாளிகளிடம், "நம்ம பையன்தான் பாத்துக்கிறான்" என்றார். அவர் குடும்பத்தில் யாரும் இதுவரை நம் வீட்டு ஆள் தோளைத் தொட்டதில்லை. அப்பா இருந்தால் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பார்!

கார்த்திகையில் மாலை போடுகிறேன். ஓனர்தான் குருசாமி. மண்டபத்து ஆட்கள் எல்லாரையும் ஜனவரியில் வேனில் சபரிமலைக்கு அழைத்துப் போகிறார். உனக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
ஏகநாதன்


சேலையூர்
2.12.2004

தம்பிக்கு,

சாமி சரணம். நலமா? இங்கே வீட்டில் குறை ஒன்றும் இல்லை. தொட்டியில்தான் குறை.

மாலை போட்டதிலிருந்து ஓனர் என்னை 'சாமி' என்று கூப்பிடுகிறார். மலைக்குப் போய்வரும்வரை 'டேய்' கிடையாது. கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் மாலை போட்ட அன்றே ஒரு உத்தரவு போட்டுவிட்டார். விரதம் முடிகிறவரை மண்டபத்துக்குள் கவுச்சி நுழையக் கூடாது. தொட்டிக்குப் பக்கத்தில்தான் சாமி படம் வைத்துப் பஜனை நடக்கிறது. "அஞ்சாலைக்கு என்ன போடறது சாமி?" என்று கேட்டேன். "அதுவும் நம்ம கூட விரதம் இருக்கட்டும் சாமி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எட்மண்ட், "எனக்கு மாலை இல்ல, நான் போடறேன்" என்று கணவாயை பேப்பரில் சுற்றி எடுத்து வந்தான். கேட்டிலேயே ஓனரின் மச்சான் பிடித்துவிட்டார். 'வேலை வேணுமா, மீனு வேணுமா' என்று கேட்டிருக்கிறார்.

மற்ற மீன்களுக்குப் போடுகிற உருண்டைத் தீனியை அஞ்சாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் இறால் நாலும் போயின. பிறகு நீலக் குட்டிகள் ஒவ்வொன்றாக. நேற்று பட்டாம்பூச்சி மீன் பாதி உடம்போடு கல்லுக்குப் பின்னால் கிடந்தது. செத்ததை உடனே எடு என்று நீ எழுதியிருந்தாய். மாலையோடு நான் அதைத் தொடக் கூடாது. எட்மண்டுக்கு ராத்திரி ஷிப்ட். அவன் வரும்வரை அது அங்கேயே ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது, வாடை வருகிறது. என்ன செய்யலாம்? உடனே எழுது.

அண்ணன்


ஷார்ஜா
12.12.2004

அண்ணா,

உங்களுக்குப் பைத்தியமா? அஞ்சாலைக்கு விரதமா? நாங்கள் தங்கியிருக்கிற கேம்பில் படித்துக் காட்டினேன். மலையாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொட்டி நாசமானால் அந்த ஆள் விரதத்தைக் குறை சொல்ல மாட்டான், உன்னைத்தான் சொல்வான். சூப்பர்வைசர் கனவும் அதோடு போச்சு. இரண்டு மாதத்துக்கு 'சாமி' என்று கூப்பிட்டால் போதுமா உனக்கு? அதற்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இருப்பாயா? உனக்கு வாய் எதற்கு இருக்கிறது?

பாதித் தண்ணீரையாவது மாற்று. ஒரு கேன் இரண்டு கேன் போதாது. இரண்டு மூன்று நடை போய்ப் புதுக் கடல் தண்ணீர் கொண்டு வந்து ஊற்று. தாமதம் பண்ணாதே. அஞ்சாலையைப் பிடித்துக் கடலிலேயே விட்டுவிடு.

முகிலன்


சேலையூர்
24.12.2004

அன்புத் தம்பி முகிலனுக்கு,

சாமி சரணம். நானும் அண்ணியும் அம்மாவும் சௌக்கியம். உன் கடிதம் நேற்று வந்தது. அதில் நீ உன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது மட்டும்தான் எனக்கு வருத்தம். மற்றதெல்லாம் நீ சொன்னது சரிதான்.

வாய் எதற்கு என்று கேட்டிருந்தாய். சோறு தின்னத்தான் இருக்கிறது. அதற்காகத்தான் மூடியும் வைத்திருக்கிறேன்.

தொட்டியில் இப்போது அஞ்சாலையும் கோமாளி மீன் ஒன்றும்தான். அந்தக் கோமாளி ஒரு மூலையில் மேலேயே நிற்கிறது, கீழே இறங்குவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் படிபூஜை. கட்சிக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். அதற்குள் தொட்டி வாடை போக வேண்டும் என்று ஓனர் ஒற்றைக்காலில் நிற்கிறார். நீ எழுதியபடி பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். நாளைக்கே போயிருப்பேன். கிறிஸ்துமஸ் அன்று தோரணம் கட்ட ஆள் இல்லை, நீ இரு என்று சொல்லிவிட்டார். சவுரிமுத்துவும் பண்டிகை முடிந்து ஞாயிற்றுக்கிழமை வா, கேன் தூக்க ஒரு கை கொடுக்கிறேன் என்றார்.

"ஞாயித்துக்கிழமை வெயில் ஏர்றதுக்குள்ள கரைல இரு சாமி, அப்பத்தான் தண்ணி தெளிவா இருக்கும்" என்று ஓனர் எனக்கே பாடம் சொல்கிறார். அதை அவருக்குச் சொன்னவனே நான்தான்.

அஞ்சாலையைக் கடலில் விடச் சொல்கிறாய். விட்டால் தொட்டியில் காட்ட என்ன இருக்கிறது? மலைக்குப் போய் வந்து பேசிப் பார்க்கிறேன். நீ கோபப்படாதே. பிரசாதம் அனுப்புகிறேன்.

என்றும் உன்,
அண்ணன்


ஷார்ஜா
17.1.2005

அண்ணிக்கு,

உங்கள் உடம்பும் அம்மா உடம்பும் எப்படி இருக்கின்றன என்று கேட்கவே கை வரவில்லை. கேட்கிறேன்.

போனில் நீங்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. நானும் ஒழுங்காகப் பேசவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் கொடுக்கவில்லை. "சொந்த அண்ணனா, பெரியப்பா பையனா?" என்று கேட்டான். உங்கள் நாட்டில் எல்லாரும் அண்ணன்தானே என்கிறான்.

நேற்று அண்ணன் எழுதிய கடிதம் வந்தது. இருபத்து நாலாம் தேதி போட்டது. கேம்பில் தபால் கொடுக்கிற ஆள் வழக்கம்போல, "அண்ணன் லெட்டர்டா" என்று கூவினான். நான் என் கையால் வாங்கினேன். தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறார். நான் எழுதியபடி என்றும் எழுதியிருக்கிறார்.

போனில் அண்ணன் குளிக்கப் போனார் என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. யார் அது? என்ன நடந்தது என்று எனக்கு முழுதாக எழுதுங்கள்.

இன்னொன்று. நான் அனுப்பிய போட்டோவை அண்ணன் ஓனரிடம் காட்டினாரா?

முகிலன்


சேலையூர்
6.2.2005

தம்பி முகிலனுக்கு,

அண்ணி எழுதுகிறேன். அம்மா சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். திட்டுவதில்லை. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

முழுதாக எழுதச் சொன்னாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். விடியற்காலையில் குளித்துச் சரணம் சொல்லிவிட்டுப் போனார். முதல் நடைத் தண்ணீரை மண்டபத்தில் ஊற்றிவிட்டு இரண்டாம் நடை போனார். சவுரிமுத்து பார்த்திருக்கிறார். மொபெட்டை மேட்டில் நிறுத்திவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கேனை அமுக்கிக்கொண்டிருந்தாராம். கடல் திடீரென்று உள்ளே போனதாம். "அண்ணே, வா வா" என்று சவுரிமுத்து கத்தியிருக்கிறார். கேன் மிதந்து போகிறதே என்று இவர் அதன் பின்னால் நாலு எட்டு போயிருக்கிறார். மண்டபத்துக் கேன். தொலைந்தால் கேட்பார்கள். பிறகு அலை வந்தது, அதற்கு மேல் சவுரிமுத்துவுக்கும் ஒன்றும் தெரியாது. அவர் வீடும் படகும் போயின.

மூன்றாம் நாள் கிடைத்தார். கறுப்பு வேட்டியும் மாலையும் இருந்ததால் யாரோ மலைக்குப் போகிற சாமி என்று தனியாகக் கிடத்தியிருந்தார்கள். குப்பத்தில் செத்தவர்கள் பெயரைக் குப்பத்துக்காரர்கள் சொன்னார்கள். இவர் பெயரைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. விசாரிக்க வந்த அதிகாரி, சேலையூர்க்காரருக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்தவச்சலம், "மாலை போட்டவர் சார். சமுத்திர ஸ்நானத்துக்குப் போனார்" என்று சொல்லிவிட்டார். போனில் நீ கேட்டது அவர் குரல்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்டுத் தலையாட்டினார்கள். புண்ணிய சாவு என்று ஒருத்தி என்னிடமே சொன்னாள்.

உன் அண்ணன் புண்ணியம் தேடிப் போகவில்லை. வேலைக்குப் போனார். அதைச் சொல் என்று பக்தவச்சலத்தின் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "நான் போகச் சொன்னேன்னு எழுதிக் கொடுத்தா, கொன்னது நான்னு ஆயிடும்மா" என்கிறார். காசுக்காகக் கேட்கிறேன் என்று நினைக்கிறார். உயிரோடிருந்தவரை அவர் வேலைக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. செத்தது வேலையில் என்றாவது ஒரு தடவை அந்த வாயால் சொல்லட்டும். எனக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் படிபூஜை நடந்தது. தொட்டி மேல் துணி போட்டு மூடியிருந்தார்களாம். ஜனவரியில் வேனும் போனது. அவருடைய சீட்டில் ஓனரின் மச்சான் மகன் போனான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி
கீதா


ஷார்ஜா
3.3.2005

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அம்மா ஒரு வார்த்தையாவது திட்டினார்களா?

உங்கள் கடிதத்தைக் கேம்பில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இரண்டு மூன்று நடை போ என்று எழுதினது நான். ஒரு நடையோடு நிறுத்தியிருந்தால் அவர் அந்த நேரம் மண்டபத்தில் இருந்திருப்பார்.

ஓட்டலில் அஞ்சாலைக்குத் தீனி போட மாட்டேன் என்று சொன்னேன். மேனேஜர் சம்பளம் பிடிப்பேன் என்றான். போடுகிறேன்.

வீட்டை எப்படி ஓட்டுகிறீர்கள்? நான் அனுப்புவது போதாது என்று எனக்குத் தெரியும். எதையும் மறைக்காமல் எழுதுங்கள். போட்டோவைப் பற்றிக் கேட்டேனே, அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அண்ணனும் கடைசிவரை எழுதவில்லை.

முகிலன்


சேலையூர்
29.5.2005

தம்பி முகிலனுக்கு,

அண்ணி எழுதுவது. பதில் போட இத்தனை நாள் ஆக்கிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் பொய் எழுத வேண்டியிருந்தது, அதனால் எழுதவில்லை. இப்போது அந்தத் தேவை இல்லை. அம்மா நேற்று என்னை, "சோத்துல உப்பு போட்டியா, இல்ல உன் மூஞ்சியப் போட்டியா?" என்று கேட்டார்கள். திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நீ சந்தோஷப்படலாம்.

மாசி மாதத்திலிருந்து நான் அந்த மண்டபத்தில்தான் வேலை செய்தேன். கூட்டுவது, பாத்திரம் கழுவுவது. ஓனரே கூப்பிட்டு அனுப்பினார். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அரிசி வேண்டியிருந்தது, போனேன். இன்னொரு வேலையும் கொடுத்தார். விரதம் முடிந்துவிட்டதால் அஞ்சாலைக்குக் கணவாய் நறுக்கிப் போடுவது. மாலை போட்ட யாருக்கும் அந்த நாளில் அது பசியோடு இருந்தது கண்ணில் படவில்லை. இப்போது தவறாமல் போடச் சொல்கிறார்.

முதல் நாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன். எட்மண்ட் பயந்து, "அக்கா, இன்னா பண்ணப் போற?" என்றான். அது இடுக்கிலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. பசி, வேறென்ன? போட்டேன். கொஞ்ச நாளில் என் காலடிச் சத்தத்துக்கே வெளியே வந்தது. அந்தக் கோமாளி மீனும் பிழைத்திருக்கிறது. இன்னும் கீழே இறங்குவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரிசப்ஷன். பெண் வீட்டுக்காரர்கள் மண்டபம் பார்க்க வந்திருந்தார்கள். சமையல்காரர் இருந்தார், எட்மண்ட் இருந்தான். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்றார். ஓனர் உடனே எட்மண்டைப் பார்த்து, "டேய், ஞாயித்துக்கிழமை கோவளம் போய் ரெண்டு நடை தண்ணி எடுத்துக்கினு வந்துடு. வெயில் ஏர்றதுக்குள்ள கரைல இரு, அப்பத்தான் தண்ணி தெளிவா இருக்கும்" என்றார்.

என் கை நின்றுவிட்டது. அது உன் அண்ணனின் வார்த்தை. வீட்டில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அவரையும் அன்னிக்கு இப்படிச் சொல்லித்தான் அனுப்புனீங்களா சார்?"

ஓனர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாம்மா, பின்ன? யார அனுப்புனாலும் அதானே சொல்வேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் யார் கேட்டது என்று அவருக்கு உறைத்தது. வாயைத் திறந்தார், மூடினார். பெண்ணின் அப்பா, "யாரு சார், என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன். "என் வீட்டுக்காரர் சார். இவருக்குத் தண்ணி எடுக்கப் போய், சுனாமில செத்துப் போனார்." எல்லாரும் கேட்டார்கள். எட்மண்ட், "நான் போவல சார், வேற ஆளப் பாத்துக்க" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

இதனால் எந்தக் காகிதமும் மாறப் போவதில்லை, தம்பி. எனக்குத் தெரியும். நாளைக்குக் கேட்டால் நான் அப்படிச் சொல்லவில்லை என்பார். ஆனால் சொன்னார். நாலு பேர் எதிரில், அந்தத் தொட்டிக்கு எதிரில் நின்று சொன்னார். மிச்சமிருந்த கணவாயை அஞ்சாலைக்குப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அதற்கு யார் போடுகிறார்களோ தெரியாது. மாஹிரா அக்கா தையல் கடையில் காஜா எடுக்க வரச் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன்.

போட்டோவைப் பற்றி மூன்று தடவை கேட்டுவிட்டாய். காட்டினார். ஓனருக்கு மட்டும் இல்லை. எட்மண்டுக்கு, சமையல்காரருக்கு, பால்காரருக்கு, குப்பத்தில் சவுரிமுத்து வீட்டில் எல்லாருக்கும் காட்டினார். "மேனேஜரே பயப்படறான், என் தம்பி வெறுங்கையில சோறு போடறான் பாரு" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார். சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் ஓனர் எனக்கும் ஒன்று வேண்டும் என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவான் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்கினவர் இல்லை. நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சொல்லிவிட்டேன்.

அஞ்சாலை வந்த பிறகு அந்தப் போட்டோவை ஓனர் கேட்டு வாங்கித் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். தண்ணீருக்கு மேலே இருந்த பாதியை வெட்டிவிட்டிருந்தார்கள், உன் முகம் இருந்த பாதியை. அஞ்சாலை தெரிந்தால் போதுமாம். வரும்போது அதை உரித்து எடுத்து வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். கையும் அஞ்சாலையும் மட்டும்தான் இருக்கின்றன. எல்லாரிடமும் அவர் அந்தக் கையைத்தான் காட்டினார்.

பத்திரமாக வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட் கிடைத்ததும் வா, அம்மா உன்னைத் திட்டக் காத்திருக்கிறார்கள்.

உன் அண்ணி,
கீதா